இடது கண்ணுக்கு மட்டும் ஒரு கண்ணாடி

மூன்று மணிக்கு ஒருவர் சாகப் போகிறார் என்று பாய்லர் தொழிற்சாலை மேனேஜர் சொன்னபோது சுவர்க் கடிகாரம் பதினொன்றே கால் காட்டியது.

"யாருன்னு தெரியுமா?" என்றார் மீட்டர்.

"தெரிஞ்சா உங்களை எதுக்கு சார் கூப்பிடறேன்?"

மீட்டர் என்பது அவருக்கு வைத்த பெயர் அல்ல, வந்து ஒட்டிக்கொண்ட பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருடம் விபத்துகளை அளந்தவர். வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும், எஃகு டேப் அவர் பாக்கெட்டை விட்டு இறங்கவில்லை. பக்கத்தில் நின்ற அவருடைய உதவியாளுக்குப் பெயர் வானொலி. காரணம் கேட்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் கூட இருந்தால் போதும்.

"மூணு வாரத்துல மூணு விபத்து" என்றார் மேனேஜர். "முதல்ல கிரேன்ல தொங்கின தகட்டுக் கட்டு தூணை இடிச்சுது. அப்புறம் பைப்புக் கட்டு வெல்டிங் மேடையில போய் விழுந்துது. வெல்டர் பீடி பிடிக்க வெளிய போயிருந்தான், பொழைச்சான்."

"பீடி உயிரைக் காப்பாத்தினது சரித்திரத்துலயே இதுதான் முதல் தடவை" என்றாள் வானொலி.

மேனேஜர் சிரிக்கவில்லை. "போன வெள்ளிக்கிழமை கொக்கி ஒருத்தன் தோள்பட்டையை உடைச்சுது. கிரேனை யாரோ கெடுக்கறான். உள்ளாளுதான். இன்னிக்கு மூணு மணிக்கு நாப்பது டன் பாய்லர் டிரம்மைத் தூக்கி இடது மேடையில வெக்கணும். ஆறு ஃபிட்டருங்க ரெண்டு பக்கமும் நின்னு பிடிச்சு உட்கார வெப்பாங்க. நாலாவது விபத்து தோள்பட்டையோட நிக்காது."

"தள்ளிப் போடுங்களேன்."

"காலையில லாரி கிளம்பியாகணும். மூணு மணிக்குள்ள அவனைப் பிடிச்சுக் குடுங்க."

மீட்டர் விபத்து நடந்த மூன்று இடங்களையும் தரைப்படத்தில் விரல் வைத்துப் பார்த்தார். "மூணுமே இடது பக்கம். மேல ஓடற தண்டவாளத்தைப் பார்த்தீங்களா?"

"நேத்துதான் மட்டம் பிடிச்சாங்க. மயிரிழை விலகல் இல்ல."

ஷெட்டுக்குள் போனார்கள். ஒரு ரயில் நிலையத்தையே உள்ளே வைத்து மூடலாம் போன்ற நீளம். கூரைக்குக் கீழே, இரண்டு பக்கச் சுவர்களின் மேலும் தண்டவாளம். அதன் மேல் நாலு கிரேன்கள்; முன்னால் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் வயிற்றில் ஒரு கண்ணாடிக் கூண்டு தொங்கியது. அதற்குள் மஞ்சள் ஹெல்மெட் அணிந்த ஒரு பெண், கால்களுக்கு நடுவே குனிந்து தரையைப் பார்த்தபடி நெம்புகோல்களை அசைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்து நாலு படி இரும்பு ஏணி அந்தக் கூண்டுக்குச் செங்குத்தாக ஏறியது.

தரையில் நின்ற சிக்னல்காரர் விசிலை ஊதினார். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. கிரேன் கீழ்ப்படிந்தது. சிக்னல்காரருக்குப் பூசணிக்காய் முகம், ஹெல்மெட் பட்டை கடைசி ஓட்டையில் மாட்டியிருந்தது.

"மேல இருக்கறது இவர் தங்கச்சி" என்றார் மேனேஜர். "அண்ணனும் தங்கச்சியும் பத்து வருஷமா ஜோடி. இந்த மாசம் அவசர வேலை. ஒரு நாள் லீவு போடல தெரியுமா? தங்கமான பொண்ணு."

"சிக்னல்னா கையால காட்டறதுதானே?" என்று மீட்டர் சிக்னல்காரரிடம் கேட்டார்.

"தூசி சார்" என்றார் சிக்னல்காரர், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "கை தெரியல. அதான் விசில்."

வானொலியின் செருப்புக்கடியில் ஏதோ நறுக்கென்றது. ஏணிக்குக் கீழே குனிந்து எடுத்தாள். பிரேமிலிருந்து கழன்று விழுந்த ஒற்றைக் கண்ணாடி வில்லை. ஒரு ஓரம் காகிதம் மாதிரி மெல்லிசு. எதிர் ஓரம் சுண்டுவிரல் தடிமன்.

"இதென்ன சார், கேக்கை வெட்டின மாதிரி இருக்கு?" கண்ணில் வைத்துக்கொண்டு நாலடி நடந்தாள். நேராகத் தூணில் போய் முட்டிக்கொண்டாள்.

"தூண் அங்க இருந்துச்சு சார்! சத்தியமா அங்க இருந்துச்சு!"

மீட்டர் வில்லையை வாங்கிப் பார்த்தார். தூண் ஒரு ஜாண் நகர்ந்தது. வில்லையை எடுத்தார், திரும்பி வந்தது. அவர் முகத்தில் இருந்த சோம்பல் போய்விட்டது.

"மேனேஜர் சார், இங்க யாரெல்லாம் கண்ணாடி போடறாங்க?"

"ஷெட்டுக்குள்ள யாருமே கிடையாது. கண்ணாடி போட்டா இந்த வேலையே கிடையாது. எல்லாருக்கும் வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு."

"அப்ப யாரோ ஒருத்தர் ஒளிச்சுப் போடறாங்க" என்றார் மீட்டர். "இன்னிக்கு அதுவும் இல்லாம வேலை பார்க்கறாங்க."

* * *

காரில் வானொலி பதினொரு கண்ணாடிக் கடைகளுக்குப் போன் செய்தாள். பத்துக் கடைகள் அப்படி ஒரு வில்லையை விற்றதே இல்லை என்றன. பதினொன்றாவது கடை, "உடைஞ்சிடுச்சா? அடப் பாவமே, கொண்டாங்க" என்றது.

கடை என்றால் ஒரு ஆள் நிற்கும் அகலம். உள்ளே தேய்ப்புக் கல் சுழன்றது. கண்ணாடிக்காரர் வில்லையைப் பார்த்ததுமே பெற்ற பிள்ளையைக் கையில் வாங்குவது போல் வாங்கினார்.

"பிரிசம்ங்க. ஒண்ணு ரெண்டா தெரியறவங்களுக்கு இது. தள்ளித் தெரியற உருவத்தைப் பிடிச்சு இழுத்து மத்ததோட ஒட்ட வெச்சிடும். டாக்டர் சீட்டு இல்லாம செய்ய மாட்டேன். இவருக்காக மட்டும் செஞ்சேன். அப்படிக் கெஞ்சினார்."

"யார் அவர்?"

"பேர் சொல்ல மாட்டேன்னுட்டார். நான் 'விசில்'னு எழுதி வெச்சிருக்கேன். கழுத்துல விசில் தொங்கும்."

வானொலி மீட்டரைப் பார்த்தாள். மீட்டர் கண்ணாடிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை தடவை வந்தார்?"

"மூணு வாரம், மூணு தடவை. சோதனை வில்லைப் பெட்டியை வாங்கிட்டுப் போவார். வீட்டுல போட்டுப் பார்த்துட்டு நம்பரும் அளவும் சொல்வார். முதல் வாரம் ஆறு. அடுத்த வாரம் பன்னெண்டு. போன வாரம் இருபது. எல்லாமே இடது கண்ணுக்கு மட்டும்தான்."

"சரியாயிடுச்சா?"

"ஒவ்வொரு தடவையும் சரியாயிடுச்சே!" கண்ணாடிக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒண்ணே ஒண்ணுதான் என்னால முடியல. குனிஞ்சா நாலஞ்சு வினாடி கண்ணு இருட்டிடுது, அதுக்கு ஏதாவது கண்ணாடி உண்டான்னு கேட்டார். படுத்தா தலைவலி, உட்கார்ந்தே தூங்க வேண்டியிருக்குன்னும் சொன்னார். தலகாணியை மாத்துங்கன்னேன்."

அவர் எழுதி வைத்திருந்த சீட்டை மீட்டர் வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் மேனேஜருக்குப் போன் போட்டார்.

"சிக்னல்காரரை மாத்துங்க. அவருக்குப் பார்வை ரெண்டா தெரியுது. தூரம் பிடிபடாம தப்பா ஊதறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்ல."

"அவனா! இருங்க, செக்யூரிட்டி ரூம்ல உட்கார வெக்கறேன். வேற ஆள் கையால சிக்னல் காட்டட்டும்."

போன் துண்டித்தது. மணி ஒன்று பத்து.

"கேஸ் முடிஞ்சுது. சாப்பிடலாம் சார்" என்றாள் வானொலி.

மீட்டர் நகரவில்லை. "ஆறு, பன்னெண்டு, இருபது. கண்ணாடி நம்பர் வருஷத்துக்குக் கால் ஏறும், அரை ஏறும். இது வாரத்துக்கு வாரம் தாவுது. எது தள்ளுது இதை?"

* * *

கண் டாக்டருக்கு உட்காரச் சொல்லும் பழக்கம் இல்லை போலிருந்தது. காத்திருந்த ஒரு மணி நேரத்தில் வானொலி சுவரில் இருந்த எழுத்துப் பலகையைத் தலைகீழாகப் படித்துப் பழகிவிட்டாள். டாக்டர் அம்மாள் நின்றபடியே கேட்டார். கேட்கக் கேட்கக் கையிலிருந்த பேனாவை மூடினார்.

"எங்க அந்த ஆள்?"

"வேலையில."

"வேலையிலயா! கேளுங்க. கண்ணை வெளிப்பக்கமா இழுக்க ஒரு நரம்பு இருக்கு. மூளையோட அடியிலேர்ந்து சுத்தி வளைச்சு ரொம்ப தூரம் வர்றது. மண்டைக்குள்ள அழுத்தம் ஏறினா அது சீக்கிரம் நசுங்கும். கண் வெளியே திரும்பாது, எல்லாம் ரெண்டா தெரியும். குனிஞ்சா இருட்டறது, படுத்தா வலிக்கறது, எல்லாம் அதே அழுத்தம்தான். இந்தக் கண்ணாடி நோயைத் தீர்க்கல. அதோட வாயைப் பொத்தி வெச்சிருக்கு."

"அழுத்தம் எதனால ஏறும்?"

"கட்டியா இருக்கலாம். மூணே வாரத்துல இவ்வளவு வேகம்னா எனக்கு வேற பயம். மூளைக்குப் போன ரத்தம் கீழே வடியறதுக்கு வடிகால் மாதிரி சிரைகள் உண்டு. அதுல ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கிட்டா, மேல ஏறறது ஏறிக்கிட்டே இருக்கும், இறங்க வழி இருக்காது. வலிப்பு வரும். நினைவு போகும். உள்ளேயே ரத்தம் கசியும்."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"எட்டு நாளும் இருக்கலாம், எட்டு நிமிஷமும் இருக்கலாம். என்ன வயசு அவருக்கு?"

"நாப்பத்தஞ்சு இருக்கும். நல்ல வாட்டசாட்டம். முகமே இவ்வளவு அகலம்."

டாக்டர், மீட்டர் கொடுத்திருந்த சீட்டைத் திருப்பினார். "அகல முகமா? அப்ப இது அவர் கண்ணாடியே இல்ல."

வானொலி சீட்டை எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு கண்மணிக்கும் நடுவுல இடைவெளி ஐம்பத்தாறு மில்லிமீட்டர்னு போட்டிருக்கு. நீங்க சொல்ற முகத்துக்கு எழுபது வரும். இது சின்ன முகம். அநேகமா ஒரு பொண்ணு."

மீட்டர் கண்களை மூடினார். இருபது வருடம் எல்லாவற்றையும் அளந்தவர், சீட்டில் கண்ணெதிரே இருந்த அளவைப் படிக்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"தங்கச்சி" என்றார். "அவளுக்குக் கை நாலாத் தெரிஞ்சிருக்கு. இடது பக்கம் பார்க்கறப்பதான் ரொம்ப மோசம். அதான் அவர் விசிலுக்கு மாறினார். தங்கச்சி காதால ஓட்டிக்கிட்டு இருந்தா. அந்தக் காதையும் நான் பிடுங்கிட்டேன்."

வானொலி அதற்குள் போன் செய்திருந்தாள். மேனேஜரின் காரியதரிசி நிதானமாகப் பதில் சொன்னார்: "சாரோட போன் என் மேஜை மேல இருக்குங்க. டிரம் தூக்கறப்ப ஷெட்டுக்குள்ள போன் கூடாது. குற்றவாளிதான் மாட்டியாச்சே, ரெண்டே முக்காலுக்கே ஆரம்பிச்சிடலாம்னு போயிட்டார்."

மணி இரண்டு முப்பத்தொன்று.

டாக்டர் மேஜையிலிருந்து கைவிளக்கு போன்ற ஒரு கருவியை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டார். "என்ன பார்த்துக்கிட்டு நிக்கறீங்க? வண்டியை எடுங்க!"

* * *

டிரம் ஏற்கெனவே தரையை விட்டு எழும்பியிருந்தது. ஆள் உயரத்துக்கு மேல், நாலு சங்கிலிகளில், இடது பக்கமாக மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. மேடைக்கு இரண்டு பக்கமும் ஆறு ஃபிட்டர்கள். புதிய சிக்னல்காரன் கையை நீட்டி நீட்டிக் காட்டினான். கூண்டுக்குள் மஞ்சள் ஹெல்மெட் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முகத்தை இடப்புறம் முறுக்கி, எதையோ தேடுவது போல் அசைந்தது.

வானொலி கத்தினாள். அவளுடைய குரலே எடுபடாத இடம் உலகத்தில் உண்டு என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மீட்டர் செக்யூரிட்டி அறைக்கு ஓடினார்.

"ஒண்ணரை மணி நேரமா ஒரே பாட்டு சார்" என்றான் காவலாளி. "நான் இல்லாம அவளை ஏத்தாதீங்க, ஏத்தாதீங்கன்னு. உங்களுக்குப் போன் போடலாம்னுதான் இருந்தேன்..."

மீட்டர் கதவைத் திறந்தார். வானொலி காவலாளியின் மேஜையில் கிடந்த விசிலைப் பாய்ந்து எடுத்துச் சிக்னல்காரர் கையில் திணித்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. வாசலைத் தாண்டும்போதே ஊதினார். மூச்சு முடியும் வரை, நீளமாக.

டிரம் நின்றது. ஒரு ஃபிட்டரின் மார்புக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. அவனுக்குப் பின்னால் தூண்.

குட்டையாக ஒன்று. டிரம் வலது பக்கம் விலகியது. குட்டையாக இரண்டு. இறங்கியது. தரையில் உட்கார்ந்தபோது ஷெட்டே ஒரு முறை அதிர்ந்தது.

"பாப்பா!" சிக்னல்காரர் மேலே பார்த்துக் கத்தினார். "போதும், இறங்கி வா பாப்பா!"

மஞ்சள் ஹெல்மெட் அசையவில்லை.

அவர் ஏணியில் தாவினார். பக்கத்துக் கிரேனை ஓட்டிக்கொண்டிருந்த பெண் நடந்ததைப் பார்த்துவிட்டாள். யாரும் சொல்லாமலே ஆள் ஏற்றும் இரும்புக் கூடையைக் கொக்கியில் மாட்டச் செய்து, கூண்டின் வாசலுக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோய் நிறுத்தினாள். அண்ணன் தங்கையை மடியில் வைத்துக்கொண்டு கூடையில் இறங்கினார். அவளுடைய வலது கை தன்னிச்சையாக வெட்டி வெட்டி இழுத்தது. கீழே வரும்போது அடங்கியிருந்தது.

டாக்டர் தரையில் மண்டியிட்டு, கருவியின் வெளிச்சத்தை அவள் கண்ணுக்குள் செலுத்தினார். ஒரு கண். மறு கண்.

"பார்வை நரம்பு உள்ளே வர்ற இடம் நிலா மாதிரி விளிம்போட இருக்கணும்" என்றார், யாருக்கென்றில்லாமல். "விளிம்பே இல்ல. வீங்கிப் பொங்கியிருக்கு. சிரையெல்லாம் தடிச்சுப் போய், சுத்தி ரத்தக் கீற்று. ஆம்புலன்ஸ்! நான் ஆஸ்பத்திரிக்குப் பேசறேன். நேரா ஸ்கேனுக்குப் போகணும்."

அவள் கண் திறந்தாள். இடது கருவிழி மூக்குப் பக்கமே நின்றது.

"அண்ணா... யாருக்கும் அடிபடலையே?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல பாப்பா."

"தண்ணி எப்பம்மா குடிச்சே?" என்று டாக்டர் கேட்டார்.

"நேத்து ராத்திரி. குடிச்சா இறங்கணும். ஐம்பத்து நாலு படி... அவசர வேலை, இறங்கினா திட்டுவாங்க. எங்கள்ல யாரும் குடிக்க மாட்டோம்."

"மாத்திரை ஏதாவது?"

"மாதவிலக்கு வராம இருக்க... அதான். ஒரு மாசமா தினம் ரெண்டு. ஆபீஸ்ல குடுப்பாங்க."

டாக்டர் மெல்லத் தலையைத் தூக்கி மீட்டரைப் பார்த்தார். "உடம்புல தண்ணி இல்ல. அது மேல இந்த மாத்திரை. ரத்தம் உறையறதுக்கு இதைவிட வசதி பண்ணித் தர முடியாது."

ஆம்புலன்ஸ் அண்ணனையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு போனது. மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பாவம். கண்ணு தெரியலைன்னு முன்னாடியே சொல்லியிருந்தா... சரி சார், அப்ப கெடுத்தவன்னு யாரும் இல்ல, அப்படித்தானே?"

"முதலுதவிப் பெட்டி எங்க இருக்கு?" என்றார் மீட்டர்.

"எதுக்கு?"

வானொலி அதற்குள் அதை ஆபீஸிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். திறந்தாள். கட்டுத்துணி ஒரு சுருள். பஞ்சு இல்லை. மருந்து இல்லை. மீதி இடம் முழுக்க ஒரே மாதிரி மாத்திரைப் பட்டைகள், ரப்பர் பேண்டு போட்டு, அடுக்கி.

"கை வெட்டிக்கிட்டா என்ன சார் பண்ணுவீங்க?" என்றாள். "மாசத்தைத் தள்ளிப் போடுவீங்களா?"

"அவங்களேதான் கேட்டு வாங்கறாங்க" என்றார் மேனேஜர். "யாரையும் நான் கட்டாயப்படுத்தல. ஒரு மாச வேலைதானே..."

"உள்ளாளுன்னு சொன்னீங்க" என்றார் மீட்டர். "சரியாத்தான் சொன்னீங்க. இந்த மாத்திரை எத்தனை பேருக்குப் போகுது?"

மேனேஜர் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"நாலு கிரேன்ல நாலு பொண்ணுங்க" என்று பின்னால் நின்ற ஒரு ஃபிட்டர் சொன்னான். தூணுக்கு முன்னால் நின்றவன் அவன்தான். முகத்தில் இன்னும் ரத்தம் திரும்பவில்லை. "எங்களுக்கெல்லாம் தெரியும் சார். சொல்லத்தான் இல்ல."

"மத்த மூணு பேரையும் இறக்குங்க. இப்பவே."

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டரின் போன் அடித்தது. அவர் கேட்டுக்கொண்டே தலையை அசைத்தார். "ஸ்கேன் வந்துடுச்சு. உச்சந்தலைக்குக் கீழே ஓடற பெரிய வடிகால்லயே அடைப்பு. உறைவைத் தடுக்கற மருந்து ஏத்த ஆரம்பிச்சாச்சு. பேசறா. ரெண்டு நாள் தாண்டினா பிழைச்சுக்குவா. இடது கண்ணு எவ்வளவு திரும்பி வரும்னு இப்ப சொல்ல முடியாது."

வானொலி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இறங்கி வந்த மூன்று பெண்களில் முதலில் உட்கார்ந்தவள், கூடையைக் கொண்டுபோய் நிறுத்தியவள். மரப்பெட்டி மேல் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சிரித்தாள்.

"எனக்கு எதுக்கு டாக்டர்? பார்த்தீங்கல்ல, கூடையை எப்படிக் கொண்டுபோய் ஒட்டினேன்? கல்லு மாதிரி இருக்கேன். அவளைப் போய்ப் பாருங்க."

"ஒரு நிமிஷம்தான்மா. தூரமா அந்தத் தூணைப் பாரு."

வெளிச்சம் அவள் கண்ணுக்குள் போனது. டாக்டர் நெருங்கிக் குனிந்தார். நிமிரவில்லை. ஒரு நிமிடம் போனது. மறு கண்ணுக்கு மாறினார். அங்கும் அதே நேரம் எடுத்துக்கொண்டார். ஷெட்டில் இயந்திரங்கள் எல்லாம் நின்றிருந்தன. யாரோ செருமியது ஷெட்டின் மறுகோடி வரை கேட்டது.

டாக்டர் விளக்கை அணைத்தார். குரலை மிகவும் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார்:

"குனிஞ்சா எத்தனை நாளாம்மா இருட்டுது?"

அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"அதை நான் யார்கிட்டயும் சொல்லலையே டாக்டர்."